நம் நெல்லைத் திரைப்படச் சங்கத்தின் ஆண்டறிக்கை, 2023–24

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், மூத்த உறுப்பினர்களுக்கும், சொன்ன நேரத்துக்கு வந்து உட்கார்ந்திருக்கும் 14 பேருக்கும் வணக்கம். மற்றவர்கள் வந்துகொண்டே இருப்பதாக வாட்ஸ்அப்பில் தெரிவித்திருக்கிறார்கள்.

12 மாதத்தில் 9 திரையிடல்கள் நடந்தன. மே மாதம் குழந்தைகளுக்கு 2 நாள் முகாம் நடத்தினோம். ஆகஸ்ட் 23 அன்று சந்திரயான்-3 நிலவில் இறங்கியதைப் பெரிய திரையில் நேரலையாகக் காட்டினோம். அன்று மட்டும் நாற்காலி பற்றவில்லை. செயற்குழு 7 முறை கூடியது, அதில் 3 முறை கோரம், அதாவது கூட்டம் நடத்தத் தேவையான ஆள் எண்ணிக்கை, இல்லாமல் டீ குடித்துவிட்டுக் கலைந்தது.

இனி குறும்பட விஷயம். ஆகஸ்ட் 23 ராத்திரி, வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது பணகுடி உறுப்பினர் ஒருவர், "மகேந்திரகிரியில் ராக்கெட் இன்ஜினைச் சோதிக்கிற சத்தம் கேட்டு வளர்ந்த ஆளுங்க நாம. நாமளே ஒரு விண்வெளிப் படம் எடுத்தா என்ன அண்ணாச்சி?" என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். தட்டியவர்களின் பட்டியல் என்னிடம் இருக்கிறது, இங்கே படிக்கவில்லை. இது செயலாளரின் சொந்த ஆசை என்று இப்போது ஒரு பேச்சு கிளம்பியிருப்பதால் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. செப்டம்பர் செயற்குழுவில் ஒருமனதாகத் தீர்மானம் போட்டுத்தான் இறங்கினோம். மினிட்ஸ் புத்தகத்தை யாரும் பார்க்கலாம். கதை என்னுடையது என்பது வேறு விஷயம்.

படம் 18 நிமிடம். செவ்வாய்க் கிரகத்தில் தனியாகத் தண்ணீர் தேடும் ஒரு பெண். அவள் கையில் ஒரு பாட்டில் தாமிரபரணித் தண்ணீர் மட்டும் இருக்கிறது, அதைக் குடிப்பதா வேண்டாமா என்பதுதான் கதை. பட்ஜெட் 2,40,000 ரூபாய். கேமரா, லென்ஸ், லைட் வாடகை, வேன், சாப்பாடு எல்லாம் சேர்ந்து இந்தத் தொகை. விண்கலம் இறங்கும் காட்சிகளை பிளெண்டர் என்ற இலவச மென்பொருளில் ஒரு கல்லூரித் தம்பி காசு வாங்காமல் செய்து தருகிறார். அவர் வீட்டுக் கரண்ட் பில்லை நாம் கட்டுகிறோம்.

பணம் எங்கே திரட்டுவது? இணையத்தில் பொதுமக்களிடம் நிதி திரட்டும் கிக்ஸ்டார்ட்டரில் போடலாம் என்றார்கள் இளைஞர்கள். அங்கே திட்டம் தொடங்க அனுமதியுள்ள நாடுகளில் இந்தியா இல்லை. சிங்கப்பூரில் இருக்கும் நம் பழைய உறுப்பினர் மொத்தமாக 50,000 அனுப்புவதாகச் சொன்னார். நல்ல மனசு. ஆனால் அவர் அந்த ஊர்க் குடியுரிமை வாங்கிவிட்டார். 2010ஆம் ஆண்டு வெளிநாட்டு நன்கொடைச் சட்டப்படி, அதற்கெனப் பதிவோ முன் அனுமதியோ இல்லாத சங்கம் அந்தப் பணத்தைத் தொடக்கூடாது. இந்தியப் பாஸ்போர்ட்டோடு துபாயில் இருப்பவர் தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அந்தச் சிக்கல் இல்லை. இந்த வித்தியாசத்தை ஆடிட்டரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். வந்த காசை செயலாளர் திருப்பி அனுப்பிவிட்டார் என்று டீக்கடையில் பேசியவர்கள் என்னிடமே கேட்டிருக்கலாம்.

அப்புறம் நம் வழிக்கே வந்தோம். 1976இல் இயக்குநர் ஷியாம் பெனகலின் 'மந்தன்' படத்துக்கு குஜராத் பால் உற்பத்தியாளர்கள் 5 லட்சம் பேர் ஆளுக்கு 2 ரூபாய் போட்டார்கள். பக்கத்தில் கேரளத்தில் இயக்குநர் ஜான் ஆபிரகாமும் ஒடேசா என்ற திரைப்படக் குழுவின் நண்பர்களும் ஊர் ஊராக மக்களிடம் காசு திரட்டி 1986இல் 'அம்மா அறியான்' எடுத்தார்கள். இதை நான் கூட்டத்தில் சொன்னபோது பின்வரிசையிலிருந்து, "அவங்ககிட்ட மாடாவது இருந்துச்சு அண்ணாச்சி" என்று ஒரு குரல் வந்தது. குரலுக்கு உரியவரின் சந்தா 2021 முதல் நிலுவையில் இருக்கிறது.

500 ரூபாய் கொடுத்தால் டைட்டில் கார்டில் பெயர் என்று அறிவித்தோம். 'சூப்பர் அண்ணாச்சி' என்று வாட்ஸ்அப் குழுவில் போட்டவர்கள் 43 பேர். பணம் போட்டவர்கள் 9 பேர். வெளி ஆட்கள்தான் கை கொடுத்தார்கள். ஆனால் கல்யாணப் பத்திரிகைக்குப் பெயர் கொடுப்பது போலக் கொடுத்தார்கள். 500 ரூபாய்க்கு ஒருவர் பேரன் பேத்தி வரை 11 பெயர் எழுதிக் கொடுத்தார். இன்னொருவர் தன் பெயருக்கு முன்னால் 'தொழிலதிபர்' வர வேண்டும் என்றார். போட்டிருக்கிறோம்.

4 டீக்கடைகளில் உண்டியல் வைத்தோம். அதை எண்ணிய நாளை மறக்க மாட்டேன். தகர டப்பாவைக் கவிழ்த்தால் பாதிக்கு மேல் 10 ரூபாய் நாணயம். கடையில் யாரும் வாங்க மாட்டேன் என்கிற நாணயத்தை எல்லாம் கலைக்குக் கொடுத்திருக்கிறார்கள். அது செல்லும் என்று ரிசர்வ் வங்கி எத்தனை முறை சொன்னாலும் நம் ஊரில் செல்லாது. பொருளாளர் அவற்றைப் பையில் கட்டி வங்கிக்குத் தூக்கிப் போனார். அதற்காக அவருக்கு நன்றி.

விண்வெளி உடையை ஸ்கூல் யூனிபார்ம் தைக்கும் டெய்லர் தைத்தார். படத்தை எல்லாம் காட்டி விளக்கி முடித்த பிறகு அவர் கேட்ட ஒரே கேள்வி, "இடுப்புக்கு நாடாவா, எலாஸ்டிக்கா?" ஹெல்மெட் இரண்டையும் பைபரில் கோயில் பொம்மை செய்பவர் வார்த்துக் கொடுத்தார். முன்பக்கக் கண்ணாடியில் மூச்சுப் பட்டு ஆவி படிந்ததால் காதுக்குப் பின்னால் நானே துளை போட்டேன். செவ்வாயின் காற்றழுத்தம் இங்கே இருப்பதில் நூறில் ஒரு பங்குகூட இல்லை, துளை போட்ட ஹெல்மெட்டில் ஆள் எப்படி உயிரோடு இருப்பாள் என்று ஒரு உறுப்பினர் கேட்டார். அவர் நடித்துப் பார்த்துவிட்டுக் கேட்டிருக்க வேண்டும்.

வசூல் சூடு பிடித்த நேரத்தில் டிசம்பர் 17, 18 மழை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டியதும் நெல்லை ஜங்ஷன் பகுதி முழுக்கத் தண்ணீர் நின்றதும் எல்லோருக்கும் தெரியும். நம் அலுவலக அறையில் இடுப்பளவு ஏறியது. திரையும் ஸ்பீக்கரும் போயின. ரசீதுப் புத்தகங்கள் இரண்டு ஊறிவிட்டன. மொட்டை மாடியில் ஒவ்வொரு தாளாகப் பிரித்துக் காயப் போட்டேன். கார்பன் படியில் நீலம்தான் மிச்சம், எழுத்து இல்லை. கணக்கில் சில இடங்களில் 'சுமார்' என்று வருவதற்குக் காரணம் அதுதான், வேறொன்றும் இல்லை.

அந்த வாரம் படத்துக்கு என்று யாரிடமும் கேட்க வாய் வரவில்லை. திரட்டியதில் 15,000 ரூபாய்க்குப் பிரெட், பால் பவுடர், போர்வை வாங்கி ஏரல் பக்கம் கொடுத்தோம். தலைவரையும் பொருளாளரையும் வாட்ஸ்அப்பில் கேட்டேன். இருவரும் கட்டைவிரல் காட்டினார்கள். கட்டைவிரல் தீர்மானம் ஆகாது என்று இப்போது எழுத்தில் ஒரு புகார் வந்திருக்கிறது. சரி, ஆகாதுதான். இன்று முறைப்படி ஒப்புதல் கேட்கிறேன்.

படப்பிடிப்பு பிப்ரவரியில் உவரி பக்கம் தேரியில், அதாவது செம்மணல் மேட்டில், 2 நாள் நடந்தது. தேரி மணலும் செவ்வாயும் சிவப்பாக இருப்பதற்குக் காரணம் ஒன்றுதான், இரும்புத் துரு. சந்திரயானுக்கு நிலவு மண் போலத் தயாரிக்க நாமக்கல் பக்கம் சித்தம்பூண்டிப் பாறையை எடுத்தார்கள். செவ்வாய்க்கு நம் தேரி இருக்கிறது. வனத்துறை இடம் வேண்டாம் என்று பட்டா நிலம் ஒன்றில் உரிமையாளர் அனுமதியோடு எடுத்தோம். ஒரே தொல்லை, கேமராவை எந்தப் பக்கம் திருப்பினாலும் ஓரத்தில் ஒரு பனை நின்றது. ஒவ்வொரு ஷாட்டிலும் அதைக் கம்ப்யூட்டரில் அழிக்க மாதக்கணக்கில் ஆகும் என்றார் தம்பி. மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது கதையை மாற்றினேன். முன்னால் வந்துபோன யாரோ செவ்வாயில் பனங்கொட்டை போட்டிருக்கிறார்கள். படத்தின் நல்ல இடம் இப்போது அதுதான் என்று பார்த்தவர்கள் சொல்கிறார்கள். 84 உறுப்பினர்களில் தேரிக்கு வந்தவர்கள் 6 பேர். அதில் ஒருவர் வேன் டிரைவர், சங்க உறுப்பினராக அன்றைக்குத்தான் சேர்ந்தார், சந்தாவையும் அங்கேயே கட்டினார்.

கணக்குச் சுருக்கம்: குறும்பட வகையில் வரவு 1,30,000 சொச்சம். செலவு அதைவிடக் கொஞ்சம் கூடுதல். அந்தக் கூடுதல் யார் கையிலிருந்து போனது என்று நான் சொல்வது அழகல்ல. பொது வகையில் இருப்பு சொல்லும்படி இல்லை. ஆண்டுச் சந்தா 600 ரூபாய், கட்டியவர்கள் 31 பேர். தென்காசி 2019இல் தனி மாவட்டம் ஆகிவிட்டதால் நெல்லைச் சங்கத்துக்குச் சந்தா கட்ட வேண்டியதில்லை என்று சிலர் விளக்கம் தருகிறார்கள். அவர்கள் மாதத் திரையிடலுக்கு மட்டும் மாவட்ட எல்லை தாண்டி வருகிறார்கள்.

தலைவருக்கும், இடம் தந்த வீட்டு உரிமையாளருக்கும், மைக் செட்காரருக்கும், ஆடிட்டருக்கும், பெயர் விடுபட்ட அனைவருக்கும் நன்றி.

வரும் ஆண்டில் இன்னும் ஒரு நாள் படப்பிடிப்பும், ஒலி வேலையும் பாக்கி. 60,000 ரூபாய் இருந்தால் முடிந்துவிடும். குலசேகரன்பட்டினம் ஏவுதளத்துக்கு பிப்ரவரி 28 அன்று அடிக்கல் நாட்டிவிட்டார்கள். அங்கிருந்து முதல் ராக்கெட் கிளம்புவதற்குள் நம் படம் வர வேண்டும் என்பது என் கணக்கு. ஹெல்மெட் இரண்டும் என் வீட்டுப் பரணில் இருக்கின்றன. வீட்டில் தினமும் கேட்கிறார்கள். செயலாளர் பொறுப்பை வேறு யாராவது விரும்பினால் பரணில் இருப்பதையும் சேர்த்து மகிழ்ச்சியோடு ஒப்படைக்கத் தயார்.

கூட்டம் முடிந்ததும் டீயும் உளுந்த வடையும் உண்டு. வடைத் தட்டு வாசல் பக்கம். ரசீதுப் புத்தகத்தோடு பொருளாளரும் அங்கேதான் உட்கார்ந்திருப்பார்.

இப்படிக்கு,
செயலாளர்