பயண நேரத்தைத் தவறாகக் காட்டியது குறித்துப் புகார்

பெறுநர்:
வாடிக்கையாளர் சேவை மேலாளர்,
விமான டிக்கெட் முன்பதிவு நிறுவனம்

பொருள்: ஹெல்சிங்கி – டோக்கியோ பயண நேரம்

அன்புடையீர்,

எனக்கும் அம்மாவுக்கும் ஹெல்சிங்கியிலிருந்து டோக்கியோவுக்குப் போய்வர உங்கள் செயலியில் டிக்கெட் எடுத்தேன். தேடும்போது தூரம் சுமார் 7,800 கி.மீ., பயண நேரம் 9 மணி 30 நிமிடம் என்று காட்டியது. நாங்கள் விமானத்தில் உட்கார்ந்திருந்தது 13 மணி நேரம்.

மூன்றரை மணி நேரம்தானே என்று நினைத்துவிடாதீர்கள். அம்மாவுக்கு 71 வயது, காலில் ரத்த ஓட்டக் கோளாறு உண்டு. பத்து மணி நேரத்துக்குள் என்றால் ஒரே மூச்சில் போகலாம், அதற்கு மேல் என்றால் நடுவில் ஓர் ஊரில் இறங்கித் தங்கிப் போங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். நீங்கள் காட்டிய நேரத்தை நம்பித்தான் நேரடி விமானத்தை எடுத்தேன். இறங்கும்போது இரண்டு கணுக்காலும் வீங்கி அம்மாவால் செருப்புப் போட முடியவில்லை. வீக்கம் வடிய நான்கு நாள் ஆயிற்று.

டிக்கெட்டில் நேரம் இருந்ததே என்பீர்கள். இருந்தது: புறப்பாடு மாலை 5.45, சேருவது மறுநாள் பிற்பகல் 1.45. இரண்டும் அந்தந்த ஊர் நேரம். குளிர்காலத்தில் டோக்கியோ 7 மணி நேரம் முன்னால் இருக்கிறது. பயண நேரம் என்று நீங்களே ஒன்றைப் போட்டிருக்கும்போது, நான் ஏன் உட்கார்ந்து கழித்துப் பார்க்கப் போகிறேன்?

சேவை மையத்தில் கேட்டதற்கு, "தூரம் சரியாகத்தான் இருக்கிறது" என்று பதில் வந்தது. சரிதான். பூமி உருண்டை மேல் இரண்டு ஊருக்கும் நடுவே நூல் பிடித்தால் வரும் தூரம் அது. அந்த நூல் ரஷ்யாவுக்கு மேலே போகிறது. 2022 பிப்ரவரி கடைசியிலிருந்து ஐரோப்பிய ஒன்றிய நாடுகளின் விமானங்களுக்கு ரஷ்ய வான்வெளி மூடிக்கிடக்கிறது. எங்கள் விமானம் நார்வே தாண்டி, வட துருவத்தை ஒட்டிப் பறந்து, அலாஸ்கா பக்கமாகச் சுற்றித்தான் ஜப்பானுக்கு வந்தது. உங்கள் செயலியோ 7,800-ஐ ஏதோ ஒரு சராசரி வேகத்தால் வகுத்துப் போடுவதாகவே தெரிகிறது.

அப்புறம் லண்டன் – நியூயார்க் தேடிப் பார்த்தேன். சுமார் 5,550 கி.மீ., போக வர ஒரே நேரம் என்று காட்டுகிறது. மேற்கிலிருந்து கிழக்கே வீசும் ஜெட் காற்றால் லண்டனுக்குத் திரும்ப ஏறக்குறைய 7 மணி நேரம், எதிர்த்துப் போக 8 மணி நேரம் ஆகும். முதல்முறை பறப்பவருக்கு இது எப்படித் தெரியும்?

விமானங்களின் கால அட்டவணையை வைத்துத்தானே டிக்கெட் விற்கிறீர்கள்? அதிலுள்ள நேரத்தையே காட்டுங்கள். நேர்க்கோட்டுத் தூரம் என்றால் அப்படியே எழுதுங்கள்.

எங்கள் திரும்பும் டிக்கெட் இன்னும் பாக்கி இருக்கிறது. வழியில் ஒருநாள் தங்கிப் போகும்படி, கட்டணம் வாங்காமல் அதை மாற்றித்தர வேண்டும். டாக்டர் சீட்டையும் மருத்துவச் செலவு ரசீதுகளையும் இணைத்திருக்கிறேன். அந்தத் தொகையையும் தர வேண்டும். புறப்பட மூன்று வாரம்தான் இருக்கிறது, பத்து நாளுக்குள் எழுத்தில் பதில் தாருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்