ஒன்றும் இடாத சாடிகள்

கல்லடி,
மட்டக்களப்பு.

அன்புள்ள மகளுக்கு,

நேற்றிரவு நீ போனில் அழுததிலிருந்து எனக்கு நித்திரை வரவில்லை. ஆறு மாதம் உப்பு மண்ணில் நெல் வளர்த்தாய். உன் கரைசல் ஊற்றிய சாடியும் வெறும் தண்ணீர் ஊற்றிய சாடியும் ஒரே அளவுதான் வளர்ந்திருக்கின்றன, எல்லாம் வீண் என்றாய். போனில் எனக்குச் சரியாகச் சொல்ல வரவில்லை. அதுதான் எழுதுகிறேன்.

எங்கள் வாவியில் மீன் பாடும் என்று ஊர் சொல்வதைக் கேட்டுப் பார்க்க, பத்து வயதில் உன்னைத் தோணியில் கல்லடிப் பாலத்தடிக்குக் கூட்டிப்போனது நினைவிருக்கிறதா புள்ள? துடுப்பைத் தண்ணீருக்குள் விட்டு, மறுமுனையில் காதை வைத்துக் கேட்டாய். "பூரணையில்தான் மீன் பாடும்" என்றேன். "அமாவாசையில் வந்து பார்த்தீங்களா அப்பா?" என்று கேட்டாய். அப்போது நான் விஞ்ஞானம் படிப்பிக்கத் தொடங்கிப் பதினைந்து வருடம். ஒரு நாளும் அமாவாசையில் போனதில்லை. பூரணையென்றால் போயா விடுமுறை, நிலவு வெளிச்சம் வேறு. அன்றைக்குத்தான் போகிறோம், அன்றைக்குத்தான் கேட்கிறோம். பாட்டை வரவழைப்பது நிலவா, இல்லை நிலவு எங்களைத்தான் அங்கே வரவழைக்கிறதா?

பிறகு இரண்டு அமாவாசை போனோம். ஒரு இரவு காற்று, ஒன்றும் கேட்கவில்லை. மற்ற இரவு ஏதோ மெல்லியதாகக் கேட்டது என்றேன் நான். இல்லை என்றாய் நீ. கொப்பியில் "தெரியாது" என்று எழுதினாய். அதைப் போல நேர்மையான சொல்லை என் வகுப்பில் நான் அதிகம் கண்டதில்லை.

1848இல், பிரித்தானிய ஆட்சியில், இலங்கையின் குடியேற்றநாட்டுச் செயலாளராக இருந்த எமர்சன் டெனன்ட் இதே வாவியில் படகில் போய்க் கேட்டார். சத்தம் மீனுடையதல்ல, ஊரி என்ற ஓட்டு நத்தையினுடையது என்று எங்கள் மீனவர்கள் அவரிடம் சொன்னார்கள். அவர் கேட்டதோடு நிற்கவில்லை. படகை நகர்த்தினால் சத்தம் மறைந்தது, திரும்பி அதே இடத்துக்கு வந்தால் மறுபடி கேட்டது. நீந்தும் மீனென்றால் ஓரிடத்தில் நிற்குமா? மீனவர் சொன்னதோடு இது ஒத்துப்போகிறது என்று எழுதினார். முடிந்த முடிவில்லைத்தான், ஆனால் கேள்வியை வாவியிடமே கேட்ட விதம் எனக்குப் பிடிக்கும்.

அவருக்கு முன்பே, 1668இல், இத்தாலிய மருத்துவர் பிரான்சிஸ்கோ ரெடி இறைச்சியையும் மீனையும் சாடிகளில் வைத்தார். அழுகலிலிருந்து புழு தானாகப் பிறக்கிறது என்று உலகம் நம்பிய காலம். திறந்த சாடியில் புழு, மூடியதில் இல்லை. காற்றை அடைத்ததால்தான் புழு வரவில்லை என்று சொல்லிவிடலாமே என்று, மெல்லிய துணியால் மூடியும் பார்த்தார். காற்று உள்ளே போனது, ஈ போகவில்லை, இறைச்சியில் புழுவும் வரவில்லை. அந்தத் துணிச் சாடியை நினைக்கும் ஒவ்வொரு முறையும் எனக்குச் சந்தோஷம்.

நீ வைத்த வெறும் தண்ணீர்ச் சாடியும் அதே வேலையைத்தான் செய்திருக்கிறது. அது இல்லாவிட்டால், பச்சையாய் நிற்கும் நெல்லைப் பார்த்துக் கரைசல்தான் காரணம் என்று எழுதியிருப்பாய். அதை நம்பி வாவிக்கரை வயல்காரர் ஒருவர் காசைக் கொட்டியிருப்பார்.

பிழையான பிரிவுக்கு வந்துவிட்டேனோ என்றும் கேட்டாய். பதினோராம் தரம் வரை விஞ்ஞானம் ஒரே பாடம். உயர்தரத்தில் பௌதிகவியல், இரசாயனவியல், உயிரியல் என்று வேலி போடுகிறோம். வாவிக்கு அந்த வேலி தெரியாது. ஒலி நீரில் செக்கனுக்குச் சுமார் 1500 மீற்றர் போகிறது, ஆனால் நீர்மட்டத்தில் பெரும்பகுதி கீழேயே திரும்பிவிடுகிறது. அதனால்தான் துடுப்பு வேண்டியிருந்தது, அது பௌதிகவியல். ஊரியா மீனா என்பது உயிரியல். முகத்துவாரம் வெட்டுப்பட்டுக் கடல்நீர் ஏறினால் உப்பை அளப்பது இரசாயனவியல். கணிதத்துக்குப் பரிசோதனை வேண்டாம், நிறுவல் போதும். ஆனாலும் எத்தனை இரவு கேட்டால் நம்பலாம் என்று அதனிடம்தான் போக வேண்டும். வானியலாளர் நட்சத்திரத்தைச் சாடியில் வளர்க்க முடியாது, முன்கூட்டிச் சொல்லிவிட்டுக் காத்திருக்கிறார். தான் கணித்த வால்வெள்ளி 1758இல் திரும்பி வரும் என்றார் ஆங்கில வானியலாளர் ஹாலி, 1742இலேயே இறந்துபோனார். சொன்னபடியே 1758 நத்தார் நாளில் அது தென்பட்டது.

சரி, கரைசலின் செறிவை மாற்றிப் பார்க்க விருப்பமென்றால் பார். இந்த முடிவை மட்டும் மறைக்காதே, உள்ளபடி எழுது.

அடுத்த லீவை அமாவாசையை ஒட்டி எடு மகள். உன் கொப்பி அலுமாரியில் பத்திரமாக இருக்கிறது, பக்கங்களும் மிச்சம். தோணிக்கு நான் சொல்லி வைக்கிறேன்.

அன்புடன்,
அப்பா