53 மாதங்கள் அடைகாத்தவள்

அன்புள்ள மகளுக்கு,

சென்ற வாரம் பேசியபோது, பேய்க்கணவாய்க்கு, அதாவது ஆக்டோபஸுக்கு, அத்தனை அறிவு எங்கிருந்து வந்தது என்று கேட்டாய். அவசரத்தில் நான் சொன்ன பதில் எனக்கே நிறைவளிக்கவில்லை. ஆகவே நிதானமாக எழுதுகிறேன்.

நீ சிறுமியாக இருந்தபோது, ஒரு பேய்க்கணவாய் இருந்த கண்ணாடித் தொட்டியின் முன் நாம் நெடுநேரம் நின்றது நினைவிருக்கிறதா? கண்ணாடியில் ஒட்டிய அதன் கையில், உறிஞ்சிகள் ஒவ்வொன்றும் தனித்தனியே சுருங்கி விரிந்தன. தொட்ட இடத்திலேயே சுவையையும் அறியும் உறிஞ்சிகள் அவை. அதன் சுமார் 50 கோடி நரம்பணுக்களில் மூன்றில் இரண்டு பங்கு கைகளிலேயே இருப்பதால், பாறை இடுக்கில் நுழைந்த கை, அகப்பட்டது நண்டா கல்லா என்பதை மூளையின் ஒவ்வொரு கட்டளைக்கும் காத்திராமல் பெரும்பாலும் தானே துழாவி அறிகிறது. நீருக்குள் கையை விட்டால் அருகில் வந்துவிடுவதால் இதை முட்டாள் என்று எழுதினார் அரிஸ்டாட்டில். நான் அதை அறியும் ஆவல் என்றே கொள்கிறேன்.

ஆஸ்திரேலியாவின் ஷார்க் விரிகுடாவில் சில ஓங்கில்கள் (டால்பின்கள்) கடற்பஞ்சை மூக்கில் மாட்டிக்கொண்டு கடலடி மணலைக் கிளறி இரை தேடுகின்றன. அந்த வித்தையைக் குட்டிகள், அதிலும் பெரும்பாலும் பெண் குட்டிகள், தாயிடமிருந்தே கற்கின்றன. பேய்க்கணவாய்க் குஞ்சுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. முட்டைகள் பொரியும் வேளையில் தாய் இறந்துவிடுகிறாள். பல இனங்களுக்கு ஓரிரண்டு ஆண்டுகளே ஆயுள். அதற்குள் ஒளியவும் வேட்டையாடவும் தானே பழகிக்கொள்ள வேண்டும்.

கற்பிக்க நாளில்லாத தாய் என்னதான் தருகிறாள்? கலிபோர்னியாவை ஒட்டிய மான்டரே கடற்பள்ளத்தாக்கில், சுமார் 1,400 மீட்டர் ஆழத்தில், பாறையில் ஒட்டிய முட்டைகளின் மேல் ஒரு தாய் அமர்ந்திருப்பதை ஆய்வாளர்கள் 2007 மே மாதம் கண்டார்கள். அதன்பின் ஆளில்லா ஆய்வுக் கலத்தை ஒவ்வொரு முறை இறக்கியபோதும், உடலிலிருந்த தழும்புகளைக் கொண்டு அவளே என்று உறுதி செய்தார்கள். அவள் வெளிறினாள், தோல் தளர்ந்தது, கண்கள் மங்கின. இயந்திரக் கை நீட்டிய நண்டுத் துண்டைக்கூட ஏற்கவில்லை. குளிர்ந்த அந்த ஆழத்தில் முட்டைகள் மெல்லவே வளரும். அவள் அத்தனை காலம் காத்ததால்தான் குஞ்சுகள் தாமே இரை தேடும் அளவுக்கு முதிர்ந்து வெளிவர முடிந்தது. 2011 செப்டம்பரிலும் அவள் அங்கேயே இருந்தாள். அடுத்த மாதம் கலத்தை இறக்கியபோது அவளைக் காணவில்லை. பாறையில் வெறும் முட்டை உறைகள் கிழிந்து ஒட்டிக்கொண்டிருந்தன.

அன்புடன்,
அம்மா