ஆனதோத்தில் ஒரு நிலம்: தங்கைக்கு ஒரு கடிதம்

கிறிஸ்துவுக்குள் அன்பான தங்கைக்கு,

ஸ்தோத்திரம். "வருஷம் முடியப்போகுது அண்ணா, என் வாக்குத்தத்தம் இன்னும் அட்டையிலதான் இருக்கு" என்று வாட்ஸ்அப்பில் எழுதியிருந்தாய். அதற்கு ஒரு கைகூப்பும் படத்தை அனுப்பிவிட்டு நகர மனம் வரவில்லை. உன்னைப்போல் குழந்தைக்காகக் காத்திருப்பவர்கள் இன்னும் பலர் இருப்பார்கள். அதனால் உன் பெயரைச் சொல்லாமல் இங்கேயே எழுதுகிறேன்.

புத்தாண்டு ஆராதனையில் எடுத்த வாக்குத்தத்த வசன அட்டையில் உனக்கு வந்தது எரேமியா 29:11. "அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே" என்ற வசனம். அதற்கு முந்தின வசனத்தை யாரும் அட்டையில் அச்சிடுவதில்லை. பாபிலோனில் எழுபது வருஷம் நிறைவேறின பின்பு உங்களைச் சந்திப்பேன் என்கிறார் கர்த்தர். சிறைபட்டுப் போனவர்களுக்கு எருசலேமிலிருந்து எரேமியா அனுப்பிய கடிதம் அது. அதைக் கேட்டபோது நரைத்திருந்தவர்கள் ஊர் திரும்பியிருக்க வழியில்லை. ஒரு வசனத்துக்கு ஒரு வருஷ ஆயுள் குறித்தது நாம்தான். ஆபிரகாமின் மனைவி சாராளுக்குக் குழந்தை பிறக்கும் காலத்தைச் சொன்னாரே என்பாய். சொன்னார், ஆனால் அது சாராளுக்கு.

நீ வாசிக்கவேண்டியது 32ஆம் அதிகாரம் என்று எனக்குத் தோன்றுகிறது. பாபிலோன் சேனை எருசலேமை முற்றுகை போட்டிருக்கிறது. பட்டணம் விழும் என்று சொன்னதற்காகவே எரேமியாவைக் காவற்சாலையின் முற்றத்தில் அடைத்து வைத்திருக்கிறான் சிதேக்கியா ராஜா. அந்த நேரத்தில் பெரியப்பா மகன் அனாமெயேல் வந்து, ஆனதோத்தில் இருக்கிற என் நிலத்தை வாங்கிக்கொள் என்கிறான். ஆனதோத் எருசலேமுக்குப் பக்கத்து ஊர். எரேமியாவின் சொந்த ஊர். அந்த ஊர்க்காரர்களே முன்பு அவனைக் கொல்லப் பார்த்தவர்கள். சுற்றிலும் எதிரி நிற்கும்போது இப்படி ஒரு நிலத்தை எந்தப் புரோக்கராலும் விற்றிருக்க முடியாது. எரேமியா 17 சேக்கல் (அந்தக் கால எடை அளவு) வெள்ளியை நிறுத்துக் கொடுத்து வாங்கினான்.

அதுவும் எப்படி வாங்கினான் பார். கிரயப்பத்திரம் எழுதி, கையெழுத்திட்டு, சாட்சிகளை வைத்து, முத்திரை போட்டு, திறந்த பிரதி ஒன்றையும் சேர்த்துத் தன் எழுத்தனான பாருக்கிடம் கொடுத்து, அநேகநாள் இருக்கும்படி மண்பாண்டத்தில் வைக்கச் சொன்னான். விசுவாசி என்பதற்காகப் பத்திர வேலையில் ஒரு படியைக்கூட அவன் விடவில்லை. ஆகவே, ஜெபிக்கிறவளுக்கு டாக்டர் எதற்கு என்று கேட்கிற அத்தைகளுக்கு நீ பதில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம். மாத்திரையை நேரத்துக்குப் போடு.

எல்லாம் முடிந்த பிறகுதான் அவன் ஜெபம் பண்ணுகிறான். உம்மாலே செய்யக்கூடாத அதிசயமான காரியம் ஒன்றுமில்லை என்று தொடங்குகிறான். முடிக்கும்போது, பட்டணமே கல்தேயர் (பாபிலோனியர்) கையில் போகிறதே, நீர் என்னை நிலம் வாங்கச் சொன்னீரே என்கிறான். இரண்டும் ஒரே ஜெபத்தில்! கர்த்தர் அவனைக் கடிந்துகொள்ளவில்லை. கேட்ட கேள்விக்கு அதிகாரம் முடியும் வரை பதில் சொல்கிறார்: ஜனங்கள் திரும்பி வருவார்கள், இந்தத் தேசத்தில் மறுபடியும் நிலம் வாங்குவார்கள் என்று. உன் விசுவாசம் குறைவு, அதனால்தான் தாமதம் என்று உன்னிடம் ஒருவர் சொன்னதாக எழுதியிருந்தாயே, அவர் இந்தப் பக்கத்தைப் புரட்டிப் பார்த்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

சரி, உனக்குக் குழந்தை பிறக்கும் என்று நான் எழுதுவேன் என்று எதிர்பார்த்தாயா? எழுத மாட்டேன். அப்படியொரு வார்த்தையைக் கர்த்தர் என்னிடம் தரவில்லை. தராததைத் தந்ததாகச் சொல்வது பாவம். அவர் எல்லாருக்கும் சொன்னது வேதத்தில் இருக்கிறது: உன்னைவிட்டு விலகமாட்டேன், உன்னைக் கைவிடமாட்டேன் என்பது. மரித்தோர் எழுந்திருப்பார்கள் என்பது. உன் குழந்தைக்காக நானும் உன் அண்ணியும் தினமும் கேட்கிறோம், நிறுத்தப் போவதில்லை. ஆனால் உன் விசுவாசத்தை ஸ்கேன் ரிப்போர்ட்டின் மேல் கட்டாதே.

எரேமியா அந்த நிலத்தில் பயிர் செய்ததாக வேதத்தில் எங்கும் இல்லை. பட்டணம் விழுந்தது. பிறகு அவனை விருப்பமில்லாமல் எகிப்துக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். பாபிலோனைப் பிடித்த பெர்சிய ராஜா கோரேஸ் யூதரைத் திரும்பிப் போகவிட்டது கி.மு. 538 வாக்கில். திரும்பினவர்களின் பட்டியல் எஸ்றா இரண்டாம் அதிகாரத்தில் இருக்கிறது. வெறும் பெயரும் எண்ணும்தானே என்று நாம் தாண்டிவிடுகிற பக்கம். அதில் 23ஆம் வசனத்தைப் பார்: ஆனதோத்தின் மனிதர் 128 பேர்.

அன்புடன்,
அண்ணன்