நாற்றுப் பையை அவிழ்க்க முன்னர் நோய் பாருங்கள்

வடக்கில் கடற்பாசிச் செய்கையை மேற்பார்க்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். நான் யாழ்ப்பாணத் தீவகத்தில், பரவைக்கடலில் பாசி கட்டுகிற பெண். போன சித்திரையில் ஒருநாள் விடிய தெப்பத்தைத் தூக்கினேன். கயிறு பாரமில்லாமல் வந்தது. கிழமைக்கு முன் செழித்து நின்ற, நாங்கள் கட்டுகிற கப்பாபைகஸ் என்ற பாசியின் கொப்புகளின் நடுவில் வெள்ளை வெள்ளையாய்த் துண்டுகள். தொட்டதும் அந்த இடம் வழுக்கி அறுந்தது. அதற்கு மேலே நன்றாய் இருந்த கொப்பும் சேர்ந்து தண்ணீரோடு போயிற்று.

ஐஸ்-ஐஸ் நோய் என்று பிறகுதான் அறிந்தேன். 1974 இல் பிலிப்பைன்ஸில் பதிவான நோய். கடல் சூடேறினாலோ, உப்புக் குறைந்தாலோ, வெளிச்சம் போதாவிட்டாலோ பாசி சோரும். விப்ரியோ போன்ற பக்டீரியாக்கள் அந்த நேரம் பார்த்துக் கொப்புக்குள் இறங்கும். எங்கள் கடலோ பல இடங்களில் இடுப்பளவுதான். சித்திரையில் கொதிக்கும், மாரியில் மழைவெள்ளம் கலந்து உப்புக் குறையும்.

வெயிலையும் மழையையும் உங்களால் மறிக்க முடியாது. நாற்றை மறிக்கலாம். இந்தப் பாசிக்கு விதை போடுவதில்லை. பழைய கொப்பை முறித்துக் கட்டி, 45 நாளில் அறுத்து, அதில் ஒரு பங்கைத் திரும்பக் கட்டுகிறோம். எல்லாமே ஒரு தாய்க் கொப்பின் பிள்ளைகள். ஒன்றை விழுத்தும் நோய் மற்றதையும் விழுத்தும். நோய் வந்த அந்தத் தடவை எங்களுக்கு வேறொரு கரையிலிருந்து உரப்பைகளில் நாற்று வந்தது. சில கொப்புகளில் மயிர் போல வேறொரு பாசி ஒட்டியிருந்ததைக் காட்டினேன். "கழுவிப்போட்டுக் கட்டுங்கோ அக்கா" என்றார்கள் நாற்றைத் தந்தவர்கள். அந்த மயிர்ப்பாசி வேர்விட்ட காயத்தால்தான் கிருமி சுலபமாய் நுழையும். அன்றைக்கு இதை எங்களுக்குச் சொல்ல ஆளிருக்கவில்லை.

தானாய் வளரும் பாசிக்கும் நோய் உண்டு. அவுஸ்திரேலியாவில் டெலிசியா என்ற காட்டுச் சிவப்புப் பாசி கோடைச் சூட்டில் பக்டீரியாவால் வெளிறுவதை ஆராய்ச்சியாளர் கண்டிருக்கிறார்கள். எங்கள் கரையில் தானாய் வளரும் கஞ்சிப்பாசிக்குள் இறால் குஞ்சும் நண்டுக் குஞ்சும் ஒதுங்குகின்றன. அதற்கு ஒன்று வந்தால் பாசி கட்டாத வீட்டிலும் உலை கொதிக்காது. பழுதான கொப்பைக் கடலிலேயே எறிகிற பழக்கம் எங்களிடமும் இருக்கிறது. அதை விடுகிறோம்; கரையில் காயவைத்துப் புதைக்கிறோம்.

நீங்கள் செய்ய வேண்டியது: வெளிக்கரை நாற்றைச் சில நாள் தனித் தெப்பத்தில் வைத்துப் பாருங்கள். பையில் எந்தக் கரை, எந்த நாள் அறுத்தது என்று எழுதுங்கள். வெளிறிய கொப்பை நாங்கள் கொண்டுவந்தால் நுணுக்குக்காட்டியில் பார்க்க யாழ்ப்பாணத்திலேயே ஓரிடம் தாருங்கள். நோய் கண்ட பருவத்தில் கடன் தவணையைத் தள்ளிப்போடுங்கள். பாசியை நம்பிக் கடன்பட்ட பெண்கள் எங்கள் கரையில் பலர்.

தையில் அடுத்த நாற்று இறங்குமாம். அந்தப் பைகளை அவிழ்க்கிறபோது உங்களில் ஒருவர் எங்களோடு கரையில் நில்லுங்கள்.

இப்படிக்கு,
தீவகத்துப் பாசிச் செய்கையாளர் ஒருத்தி