அந்த ஒரு முறுக்கு

அன்பு மகளுக்கு,

பியானோவின் பாஸ் கம்பிகள், அதாவது அடிநாதக் கம்பிகள், வந்துவிட்டன, சனிக்கிழமை நானே மாட்டப்போகிறேன் என்று எழுதியிருக்கிறாய். ஆளைக் கூப்பிடம்மா என்று சொல்ல வாய் வந்தது, அடக்கிக்கொண்டேன். பள்ளி விடுமுறையில் என் கருவிப் பையைத் தூக்கிக்கொண்டு பியானோ பியானோவாகக் கூட வந்தவள் அல்லவா நீ.

எல்லாவற்றையும் மொத்தமாகக் கழற்றிவிடாதே. ஒன்றைக் கழற்று, அதன் இடத்தில் புதியதை மாட்டு, பிறகு அடுத்தது. வரிசை மாறாது, கம்பிகளைத் தாங்கும் சட்டத்தின் மீதுள்ள இழுப்பும் சட்டென்று குறையாது. பழையதை வெட்டுமுன், கம்பியின் மேல்முனை சுற்றியிருக்கும் சுருதி ஆணியைத் திருப்பி நன்றாகத் தளர்த்திக்கொள். 70 கிலோவுக்கு மேல் இழுபட்டு நிற்கும் கம்பி அது. விறைப்பாக இருக்கும்போது வெட்டினால் கண்ணைத் தேடி வரும்.

பருத்திக் கையுறை போட்டுக்கொள். உள்ளே எஃகு, மேலே செம்புச் சுற்று. விரல் வியர்வை பட்ட இடத்தில் செம்பு கறுக்கும், நாளடைவில் நாதமும் மங்கும். செம்பில் களிம்பு என்று உன் தாத்தா உயிரைப் பற்றியிருக்கும் ஆணவ மலத்துக்கு உவமை சொல்வார். நான் பார்த்ததெல்லாம் பியானோவுக்குள்தான்.

ஆணியின் விட்டம் ஏறக்குறைய 7 மில்லிமீட்டர். ஒரு சுற்றுக்கு 22 மில்லிமீட்டர் கம்பி வேண்டும். மூன்று சுற்றுக்கு ஏறக்குறைய 7 சென்டிமீட்டர். புதுக் கம்பியை ஆணியைத் தாண்டி அவ்வளவு நீளம் விட்டுத்தான் வெட்ட வேண்டும். சுற்றுகள் ஒன்றையொன்று தொட்டபடி நெருக்கமாக விழட்டும்.

இனிமேல்தான் முக்கியம். ஆணியில் சுற்றியபின், கம்பி தளர்வாக இருக்கும்போதே, கீழ்முனைக் கண்ணியைக் கொக்கி ஆணியில் மாட்டுமுன் முழுதாக ஒரு முறுக்குக் கொடு. எந்தப் பக்கம்? செம்புச் சுற்று இன்னும் இறுகும் பக்கம். எதிர்ப்பக்கம் முறுக்கினால் செம்பு தளர்ந்து கரகரக்கும். ஒரே கட்டைக்கு இரண்டாக வரும் இரட்டைக் கம்பிகளில் இரண்டுக்கும் ஒரே அளவு, இல்லாவிட்டால் குரல் பிரியும்.

நான் ஒருமுறை இதைக் கோட்டைவிட்டேன். ஒரு தேவாலயத்தில் சனிக்கிழமை மாலை அவசரமாகப் பன்னிரண்டு கம்பிகள் மாட்டினேன். ஞாயிறு காலை முதல் பாட்டிலேயே தகர டப்பாவில் வண்டு புகுந்தது போல ஓர் இரைச்சல். பாதிரியார் ஒன்றும் சொல்லவில்லை, என்னைத் திரும்பிப் பார்த்தார், அவ்வளவுதான். திங்களன்று போய்ப் பன்னிரண்டையும் தளர்த்தி, முறுக்கி, மீண்டும் மாட்டினேன். கூலி கேட்கவில்லை.

ஒரே மூச்சில் சுருதிக்கு ஏற்றிவிடாதே. கொஞ்சம் கொஞ்சமாக ஏற்று. குதிரையின் மேல் கம்பி படிந்திருக்கிறதா என்று மெல்ல அழுத்திப் பார், சுத்தியலால் தட்டாதே. புதுக் கம்பி நீண்டுகொண்டே இருக்கும், சில வாரங்களுக்குச் சுருதி இறங்கும். அலுத்துக்கொள்ளாமல் திரும்பத் திரும்பச் சேர்.

முடித்ததும் கீழ்க் கட்டைகளை ஒவ்வொன்றாக அழுத்திப் போனில் கேட்கவை. அடிநாதம் போனில் சரியாக வராது, ஆனால் கரகரப்பு இருந்தால் தப்பாமல் கேட்கும். அந்த நேரத்துக்கு அம்மாவைத் தொலைக்காட்சியை நிறுத்தச் சொல்கிறேன்.

அன்புடன்,
அப்பா