பழைய எஞ்சின் வாங்கிய மகளுக்கு

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. நானும் அம்மாவும் நலமாக இருக்கிறோம். நீ படகு வாங்கிய செய்தியை உன் அண்ணன் சொல்லித்தான் அறிந்தேன். வாங்கி 40 நாட்கள் ஆகின்றன என்றும், உள்ளே இருப்பது 19 ஆண்டுப் பழைய நான்கு சிலிண்டர் டீசல் எஞ்சின் என்றும், அது 640 மணி நேரமே ஓடியிருக்கிறது என்றும் அவன் சொன்னான். 31 ஆண்டுகள் படகு எஞ்சின்களோடே வாழ்ந்த ஒருவன் வீட்டில் இருக்க, என்னிடம் ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லையே என்று அன்று முழுவதும் வருந்தினேன். கேட்காததற்குக் காரணம் எனக்குத் தெரியாதது அல்ல என்பது மறுநாள் நினைவுக்கு வந்தது. அது இருக்கட்டும், எஞ்சினைப் பற்றி எழுதவே உட்கார்ந்தேன்.

640 மணி நேரம் என்று கேட்டதும் நீ மகிழ்ந்திருப்பாய். எனக்கு அது கவலையையே தந்தது. வகுத்துப் பார்த்தால் ஆண்டுக்கு 34 மணி நேரம்கூட ஆகவில்லை. ஒழுங்காகப் பராமரித்த டீசல் எஞ்சின் பல ஆயிரம் மணி நேரம் உழைக்கும். தினமும் ஓடும் எஞ்சினைவிடக் கட்டிப்போட்டுக் கிடக்கும் எஞ்சினே விரைவில் கெடும். எரிந்த டீசலின் மிச்சமும் ஈரமும் எண்ணெயில் கலந்து அமிலமாகத் தங்கி பேரிங்குகளை அரிக்கும். புகைக்குழாய் வழியாக உள்ளே வரும் உப்புக் காற்று, எந்தச் சிலிண்டரின் வால்வு திறந்தபடி நின்றதோ அந்தச் சிலிண்டரின் சுவரில் துருவை வளர்க்கும். ரப்பர் பாகங்கள் நின்ற நிலையிலேயே இறுகிப்போகும். ஆகவே, மணிக் கணக்கை மட்டும் நம்பாமல் எண்ணெய், ஃபில்டர், பெல்ட் ஆகியவற்றை எப்போது மாற்றினார்கள் என்று எழுதிவைத்த நோட்டு ஏதாவது அவர்களிடம் இருந்ததா என்று கேட்டுப் பார். இல்லையென்றால் எதையும் மாற்றவில்லை என்றே வைத்துக்கொள். முதல் வேலையாக, கடல்நீரை இழுத்துத் தள்ளும் பம்பினுள் சுழலும் ரப்பர் இறக்கைச் சக்கரத்தை, அதாவது இம்பெல்லரை மாற்று.

நீ பார்க்கப் போன அன்று எஞ்சின் குளிர்ந்திருந்ததா? கிளப்புவதற்கு முன் பிளாக்கின் மேல் கையை வைத்துப் பார்த்தாயா? விற்பவர் முன்கூட்டியே ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தால் பாதிக் குறைகள் மறைந்துவிடும். டீசலில் பற்றவைக்கும் பொறி கிடையாது. காற்றை ஏறக்குறைய இருபதில் ஒரு பங்காக அழுத்தும்போது பிறக்கும் 500 டிகிரிக்கு மேற்பட்ட வெப்பமே எரிபொருளைப் பற்றவைக்கிறது. பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங்குகளோ வால்வுகளோ தேய்ந்து அழுத்தம் கசிந்தால், குளிர்ந்த காலைதான் அதைக் காட்டிக்கொடுக்கும். கிளம்பியதும் வரும் வெண்புகை சூடேறியபின் மறைந்தால் அஞ்ச வேண்டாம். மறையாமல் டீசல் வாடையோடு நீடித்தால் அழுத்தக் குறைவையோ, டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர்களில் கெட்டதையோ தேடு. வாடையில்லாமல் ஆவியாகவே வந்தால் குளிர்விக்கும் தண்ணீர் போதவில்லை, அல்லது சிலிண்டர்களின் மேல்மூடிக்கு அடியில் இருக்கும் ஹெட் கேஸ்கெட் போயிருக்கிறது. நீலப் புகை எண்ணெய் எரிவதன் அடையாளம். எஞ்சின் ஓடும்போது எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்து, குப்குப்பென்று புகை வருகிறதா என்றும் பார்; வந்தால் சிலிண்டரின் காற்று ரிங்குகளைத் தாண்டிக் கீழே இறங்குகிறது.

அடுத்து, நன்றாகச் சூடேறிய எஞ்சினைத் திறந்த நீரில் சில நிமிடங்கள் முழு வேகத்தில் ஓட்டு. தகட்டில் நிமிடத்துக்கு 3600 சுற்று என்று குறித்திருக்க, 3200க்கு மேல் ஏறாமல் கரும்புகை கக்கினால், பெரும்பாலும் எஞ்சினால் சுழற்ற முடியாத அளவுக்குப் புரொப்பெல்லர் பெரிதாக இருக்கிறது, இல்லையேல் படகின் அடியில் பாசியும் சிப்பியும் படிந்திருக்கின்றன. மெதுவாகத்தானே போகிறோம் என்று அப்படியே விட்டுவிடாதே. ஒவ்வொரு மணி நேரமும் அந்த எஞ்சின் மிகைச்சுமை தூக்குகிறது.

பேரம் பேசி, எழுத்து வேலைகளை முடித்து, எல்லாவற்றையும் நீ ஒருத்தியாகவே செய்தாய் என்று அண்ணன் சொன்னபோது அம்மா என் முகத்தைப் பார்த்தாள். நான் பெருமைப்பட்டதை அவள் கண்டுகொண்டாள். ஆனால் எண்ணெயைப் பரிசோதனைக்கு அனுப்பவில்லை என்று கேட்டதும் அந்தப் பெருமையோடு கோபமும் வந்தது. ஒரு சிறு குப்பி எண்ணெய் போதும். அதில் சோடியம் மிகுந்திருந்தால் கடல்நீர் உள்ளே வந்திருக்கிறது, இரும்பும் ஈயமும் மிகுந்திருந்தால் எது தேய்கிறது என்று தெரிந்துவிடும். விற்பதற்கு முந்தைய வாரம் புது எண்ணெய் ஊற்றியிருந்தால் இந்தச் சோதனையால் பயனில்லை. ஆகவே இனி 50 மணி நேரம் ஓட்டியபின் எடுத்து அனுப்பு.

டீசல் எஞ்சின் உள்ளிருந்து சாவது அரிது. சுற்றியுள்ள கடல்நீரே அதைக் கொல்கிறது. உன் எஞ்சினில் கடல்நீர் நேரடியாகச் சுற்றுகிறதா, நன்னீர் உள்ளே சுற்ற அதைக் கடல்நீர் ஹீட் எக்ஸ்சேஞ்சரில் குளிர்விக்கிறதா என்று அண்ணனுக்குச் சொல்லத் தெரியவில்லை. நேரடியாகச் சுற்றினால் எஞ்சின் 60 டிகிரிக்கு அருகில்தான் ஓட வேண்டும். அதைவிடச் சூடானால் உள்ளே உப்பு படியும். நன்னீர் என்றால் 80 டிகிரியை ஒட்டி ஓடும். எதுவானாலும், மற்ற உலோகங்களை அரிக்கவிடாமல் தாம் கரையும் துத்தநாகத் துண்டுகளைக் கழற்றிப் பார்; பாதி கரைந்திருந்தால் மாற்று. சூடான புகையும் கடல்நீரும் கலக்கும் எக்ஸாஸ்ட் எல்போவைக் கட்டாயம் கழற்றி உட்புறத்தைப் பார். வெளியே பெயின்ட் பளபளக்க, உள்ளே கரியும் துருவும் அடைத்துச் சுண்டுவிரல் நுழையும் துளையே மிஞ்சியிருந்த எல்போக்களை நான் கழற்றியிருக்கிறேன். உட்சுவர் ஓட்டையானால் தண்ணீர் பின்னோக்கி சிலிண்டருக்குள் போகும். எஞ்சின் நீர்மட்டத்துக்குக் கீழே இருக்குமானால், மேலேறி இறங்கும் கடல்நீர்க் குழாயின் உச்சியில் ஒரு சிறிய காற்றுவால்வு இருக்கும். அதில் உப்பு அடைத்துக்கொண்டால், நிறுத்திய எஞ்சினுக்குள் கடல் தானாகவே உறிஞ்சப்பட்டு இறங்கும்.

இம்பெல்லரை மாற்று என்று மேலே எழுதிவிட்டேன், மீண்டும் எழுதுகிறேன். ஆண்டுக்கு ஒரு முறை, நன்றாகத் தெரிந்தாலும் மாற்று. எஞ்சினைக் கிளப்பியதும், வேறு எதையும் தொடுவதற்கு முன், பின்னால் எட்டிப் பார்த்துப் புகைக்குழாயில் தண்ணீர் துப்புகிறதா என்று பார். புகைக் குழாயின் மேல் கட்டும் ஒரு வெப்ப அலாரத்தையும் பொருத்து. நீர் வற்றிய இடத்தில் எஞ்சினின் வெப்பமானி உண்மையைச் சொல்லாது, அதை நம்பிவிடாதே.

எரிபொருளைப் பற்றி ஒன்று. டாங்கின் அடியில் தண்ணீர் தங்கினால், அதற்கும் டீசலுக்கும் இடைப்பட்ட பரப்பில் நுண்ணுயிர்கள் வளர்ந்து கரும்சேறாகும். அமைதியான நீரில் அது அடியிலேயே கிடக்கும். அலை எழுந்து படகு குலுங்கும்போதுதான் கலங்கி ஃபில்டரை அடைக்கும். அதாவது கல்லுக்கும் கரைக்கும் நடுவே, காற்று எதிராக அடிக்கும் நேரத்தில்தான் எஞ்சின் நிற்கும். அம்மா தினமும் உன் பக்கத்துக் காற்றின் வேகத்தைப் பார்க்கிறாள். நீ தனியாகப் போகிறாயா, யாரேனும் உடன் வருகிறார்களா என்று அவள் என்னைக் கேட்கிறாள். நான் ஃபில்டரைப் பற்றிப் பேசி மழுப்புகிறேன். மூன்று ஃபில்டர்கள் கைவசம் இருக்கட்டும். குழாயிலிருந்து காற்றை வெளியேற்றும் வேலையைக் கரையில் கட்டியிருக்கும்போதே பத்து முறை செய்து பழகு; ஃபில்டரின் மேலுள்ள திருகைத் தளர்த்தி, கைப்பம்பை அடித்து, குமிழி நின்று டீசல் தெளிவாக வரும்வரை காத்திருந்து, பின் இறுக்க வேண்டும். இன்ஜெக்டர் பீய்ச்சும் இடத்தில் விரலை வைக்காதே, அம்மா. அந்த அழுத்தத்தில் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும்.

கிளம்பாத எஞ்சினைத் திரும்பத் திரும்பச் சுழற்றாதே. எஞ்சின் ஓடாவிட்டாலும் பம்ப் தண்ணீரைத் தள்ளிக்கொண்டேயிருக்கும். புகை இல்லாததால் அது வெளியேறாமல், புகைக்குழாயின் சத்தத்தை அடக்கும் மஃப்ளர் நிறைந்து சிலிண்டருக்குள் ஏறும். அப்படிச் சுழற்றத்தான் வேண்டுமென்றால் கடல்நீர் வால்வை மூடிவிட்டுச் சுழற்று, கிளம்பிய கணமே திற.

வால்வு என்று எழுதியதும் அதற்கு மேல் எழுத முடியாமல் இரண்டு நாட்கள் இந்தக் காகிதத்தை அப்படியே வைத்துவிட்டேன்.

அன்று உனக்கு ஒன்பது வயது. வால்வைத் திறப்பது உன் வேலை. மாமாவும் உடன் வந்திருந்தார். எஞ்சின் கொதித்து நின்று, நம்மை இழுத்துவந்து கரை சேர்த்த பிறகு, எப்படி ஆயிற்று என்று அவர் கேட்டபோது, பிள்ளை வால்வைத் திறக்க மறந்துவிட்டாள் என்று நான் சொன்னேன். நான் திறந்தேன் அப்பா என்று நீ இரண்டு முறை சொன்னாய். சரி, போகட்டும், இனிமேல் கவனமாக இரு என்று உன் தலையைத் தடவி, உன்னை மன்னிப்பதுபோல் நடந்துகொண்டேன்.

நீ திறந்துதான் இருந்தாய். புகை கிளம்பியதும் முதலில் கீழே இறங்கியவன் நான். வால்வின் கைப்பிடி குழாயோடு ஒரே கோட்டில் நின்றதைக் கண்ணால் பார்த்தேன். புறப்பட்டபோது பின்னால் தண்ணீர் துப்பியதையும் பார்த்திருந்தேன். வால்வு மூடியிருந்தால் அது வந்திருக்குமா? இரவில் தனியே போய்ப் பம்ப் மூடியைக் கழற்றினேன். ஆறு இறக்கைகளில் நான்கு இல்லை. வறண்டு ஓடிய ரப்பர்போல் அவை கருகியிருக்கவில்லை. அடியில் பழைய வெடிப்புகளோடு முறிந்திருந்தன. மூன்று ஆண்டுகளாக நான் அதை மாற்றவில்லை. அடிக்கடி வீணாக ஒலிக்கிறது என்று அலாரத்தின் வயரைக் கழற்றிவிட்டவனும் நானே. ஊரார் எஞ்சின்களையெல்லாம் பார்ப்பவன் தன் எஞ்சினைப் பார்க்கவில்லை என்று மாமா நினைத்துவிடுவாரே என்ற வெட்கத்தில், அந்தப் பழியை உன்மேல் போட்டேன். அதன்பின் நீ எஞ்சின் அறைக்கு இறங்கவேயில்லை. டார்ச் பிடிக்க வா என்று கூப்பிட்டபோதும் வரவில்லை. 24 ஆண்டுகளாக நான் இதை அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. இந்தக் கடிதத்தை மடிப்பதற்கு முன் அவளிடம் படித்துக் காட்டுவேன். அண்ணனுக்கும் மாமாவுக்கும் நானே சொல்கிறேன். அந்த வேலையை உனக்கு வைக்கமாட்டேன்.

பழைய இம்பெல்லரை வெளியே எடுத்ததும் இறக்கைகளை எண்ணு. ஒன்று குறைந்தாலும் விடாதே. முறிந்த துண்டு தண்ணீரோடு போய் ஹீட் எக்ஸ்சேஞ்சரின் முகப்பில் சிக்கியிருக்கும், புது இம்பெல்லர் போட்டாலும் அது வழியை அடைக்கும். முகப்பு மூடியைத் திறந்து எல்லாத் துண்டுகளையும் எடுத்து, பழையதோடு ஒட்டவைத்து முழுதாக இருக்கிறதா என்று பார்த்த பிறகே மூடு. அன்று எனக்கு மூன்று துண்டுகள்தான் கிடைத்தன. பம்பின் மேலுள்ள தகட்டில் ஓர் எண் இருக்கும். அதைப் பார்த்து எனக்கு எழுது.

அன்புடன்,
அப்பா